ஆவடியில் சொன்ன சொல்: இளங்குடியரசின் 1955ஆம் ஆண்டு

1. கேள்வி

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்ரயில் பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் நிலையங்களைக் கடந்து ஆவடியை அடைகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது இவ்வழியாகத்தான். இன்று ஆவடி என்றால் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது டாங்கித் தொழிற்சாலை. ஊரின் பெயரே ராணுவ வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று சொல்வோரும் உண்டு. அது பின்னால் கட்டிய கதை. கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது 1961இல்; அதற்கு ஆறாண்டு முன்பே ஆவடி என்ற பெயர் இந்தியா முழுவதும் செய்தித்தாள்களில் அச்சாகியிருந்தது.

குடியரசின் ஐந்தாம் ஆண்டு நிறையும் தறுவாயில், 1955 ஜனவரியில், இந்திய தேசியக் காங்கிரசின் அறுபதாவது மாநாடு ஆவடியில் கூடியது. கட்சித் தலைவர் பொறுப்பை நேருவிடமிருந்து யு. என். தேபர் ஏற்றிருந்தார். முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையாத காமராஜரின் மாநிலம் மாநாட்டுக்கு இடமளித்தது. ‘சோஷலிச மாதிரியிலான சமுதாயம்’ நாட்டின் இலக்கு என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. உற்பத்திச் சாதனங்களில் முதன்மையானவை சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், உற்பத்தி விரைவாகப் பெருக வேண்டும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பவை அதன் மூன்று கூறுகள்.

இத்தீர்மானம் நாட்டின் பாதையைத் திருப்பியதா, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பெயர் சூட்டியதா, அல்லது தேர்தலுக்கான முழக்கமா? மூன்று விடைகளும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கின்றன. மூன்றும் தீர்மானத்தின் வாசகத்தையும் அதை நிறைவேற்றியவர்களின் நோக்கத்தையுமே பெரிதும் ஆராய்கின்றன. இக்கட்டுரை வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறது. விடுதலை பெற்ற ஒரு நாடு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கில் எவ்வளவைச் சட்டமாக்கியது, எவ்வளவைத் தள்ளிவைத்தது என்பதை ஓராண்டின் கணக்காகப் பார்க்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்க, நமக்கு முன் இதே பாதையில் நடந்த அயர்லாந்தைத் துணைக்கு அழைக்கிறது.

2. டப்ளினில் தொடங்கிய வாக்கு

அயர்லாந்தை ஒப்பிடக் காரணம் உண்டு. நம் அரசியலமைப்பின் நான்காம் பகுதியிலுள்ள வழிகாட்டு நெறிகள் 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பை முன்மாதிரியாகக் கொண்டவை. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் டப்ளினுக்கே சென்று டி வலேராவைச் சந்தித்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி சட்டம் படித்தது டப்ளினில். அவர் அங்கே போய்ச் சேர்ந்த 1913ஆம் ஆண்டுதான் அந்நகரின் முதலாளிகள் ஆலைகளைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்திய ஆண்டு. 1916இல் நாடு திரும்பிய கிரி ரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தில் முன்னின்றார். 1937இல் சென்னை மாகாணத்தின் தொழில், தொழிலாளர் துறை அமைச்சரானார்.

அயர்லாந்தின் வாக்கு 1919 ஜனவரி 21 அன்று பிறந்தது. முதல் அயர்லாந்து நாடாளுமன்றம் அன்று ‘ஜனநாயகச் செயல்திட்டம்’ ஒன்றை ஏற்றது. தனிச்சொத்துரிமை பொதுநலனுக்குக் கட்டுப்பட்டது, எந்தக் குழந்தையும் பசியாலோ குளிராலோ வாடாமல் காப்பது குடியரசின் முதற்கடமை என்று அது அறிவித்தது. தொழிற்கட்சித் தலைவர் தாமஸ் ஜான்சன் எழுதிய வரைவை ஷான் ஓகெல்லி மென்மையாக்கியிருந்தார். அதன் பிறகும் அது துணிச்சலான ஆவணமாகவே இருந்தது.

ஆனால் விடுதலை வந்த ஆண்டில் அதை எடுத்துப் பார்க்க ஆளில்லை. 1922 ஜனவரியில் பிரிட்டனுடனான ஒப்பந்தம் 64க்கு 57 என்ற வாக்குகளில் நாடாளுமன்றத்தில் தப்பிப் பிழைத்தது. ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் பத்து நாள் இடைவெளியில் ஆர்தர் கிரிஃபித் இறந்தார், மைக்கேல் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அன்று சுதந்திர அரசு பிறந்தபோது நாடு குருதியில் நின்றது. 1924இல் புதிய அரசு முதியோர் ஓய்வூதியத்தில் வாரத்துக்கு ஒரு ஷில்லிங்கைக் குறைத்தது. குழந்தைகளின் பசியைப் பற்றிப் பேசிய நாடு ஐந்தே ஆண்டில் முதியவர்களின் உணவில் கைவைத்தது.

எனினும் அயர்லாந்தின் முதலாண்டுகளை வெறும் கைவிடலாகக் காண்பது தவறு. 1923ஆம் ஆண்டு நிலச்சட்டம், நிலக்கிழார்களிடம் எஞ்சியிருந்த குத்தகை நிலங்களைக் கட்டாயமாக வாங்கிக் குத்தகைதாரர்களுக்கே உரிமையாக்கும் பணியை நிறைவு செய்ய வழிவகுத்தது. 1925இல் ஷானன் ஆற்று மின்திட்டத்தை அரசே தொடங்கியது. சமூக வாக்குறுதி தேய்ந்த இடத்திலும் நிலம் உழுதவன் கைக்கு வந்தது. இந்த வேறுபாடு ஆவடியை மதிப்பிடும்போது நமக்கு மீண்டும் தேவைப்படும்.

தேய்ந்த வாக்குறுதி 1937இல் வேறு உருவில் திரும்பியது. சமூகக் கொள்கையின் வழிகாட்டு நெறிகள் அரசியலமைப்பின் 45ஆம் பிரிவில் இடம்பெற்றன. அவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றச் சொல்ல முடியாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. 1950இல் நாமும் அதே நிபந்தனையை 37ஆம் பிரிவில் எழுதிக்கொண்டோம். நீதிமன்றத்தில் வலிமையற்ற நெறிகளால் என்ன பயன் என்று அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, ஆட்சிக்கு வருவோர் அவற்றுக்காக வாக்காளர் முன் பதில் சொல்லியாக வேண்டும் என்று அம்பேத்கர் விடையளித்தார். பதில் சொல்லும் இடம் நீதிமன்றமல்ல, அரசியல் மேடை. ஆவடி அப்படியொரு மேடை.

3. ஆவடிக்கு முன்

ஆவடி திடீரென முளைத்த தீர்மானமல்ல. 1931இல் கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகளையும் பொருளாதாரத் திட்டத்தையும் ஏற்றபோதே, முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் என்று சொல்லியிருந்தது. 1954 டிசம்பரில், ஆவடிக்கு ஒரு மாதம் முன்பே, மக்களவை இதே இலக்கை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. முதலாளிகளே 1944இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டம், கனரகத் தொழிலில் அரசு முதலிறக்க வேண்டும் என்பதை ஏற்றிருந்தது. இவற்றை அடுக்கிப் பார்ப்போர், ஆவடியில் புதிதாக ஏதும் நடக்கவில்லை என்கின்றனர்.

தமிழ் மண்ணில் சோஷலிசம் என்ற சொல்லுக்கு வேறொரு முன்வரலாறும் உண்டு. 1918இல் பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய மே நாள், 1932இல் பெரியார் ஈரோட்டில் முன்வைத்த சமதர்மத் திட்டம் ஆகியவை ஆவடிப் பந்தலுக்கு மிக முந்தியவை. சமதர்மம் என்ற சொல்லில் சொத்துப் பங்கீட்டோடு சாதி ஒழிப்பும் சேர்ந்தே ஒலித்தது. ஆவடித் தீர்மானத்தின் வாசகம் உற்பத்தியையும் பங்கீட்டையும் பேசியது, சாதியைப் பேசவில்லை. தீர்மானத்தைத் தமிழில் ‘சமதர்மம்’ என்று சொல்லிக்கொண்டபோது, மூலத்தில் இல்லாத ஒரு சுமையை நாம் அதன்மேல் ஏற்றினோம். அந்தச் சுமை நியாயமானது என்பதே என் கருத்து.

வழிகாட்டு நெறிகளின் வலுவின்மையைச் சென்னை மாநிலம் நேரடியாக உணர்ந்திருந்தது. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில், அடிப்படை உரிமைகளுக்கு வழிகாட்டு நெறிகள் கீழ்ப்பட்டவை என்று உச்சநீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சி அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழி கோலியது. நெறி வெல்ல வேண்டுமானால் மக்களும் சட்டமன்றங்களும் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்ற பாடம் இங்கே புதிதல்ல.

4. ஓராண்டின் கணக்கு

1955ஆம் ஆண்டைச் சட்டப் புத்தகத்தின் வழியே படித்தால் அதன் அடர்த்தி வியக்க வைக்கிறது.

ஏப்ரலில் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் வந்தது. மேற்கு வங்க அரசுக்கும் பேலா பானர்ஜிக்கும் இடையிலான வழக்கில், அரசு எடுக்கும் சொத்துக்கு முழு ஈட்டுமதிப்பு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. இழப்பீட்டின் அளவு போதுமா என்பதை நீதிமன்றம் ஆராய இயலாதபடி நான்காம் திருத்தம் மாற்றியது. மே மாதத்தில் பாரத ஸ்டேட் வங்கிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. ஜூலை 1 முதல் இம்பீரியல் வங்கி பொதுத்துறைக்கு வந்தது. வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான ஊதியத் தீர்ப்பை மத்திய அரசு மாற்றியதை எதிர்த்து கிரி தொழிலாளர் அமைச்சர் பதவியைத் துறந்தது 1954இல்தான். ஊழியரின் ஊதியத்தில் தயங்கிய அரசு வங்கியின் உடைமையில் தயங்கவில்லை. பொதுவுடைமையும் தொழிலாளர் நலனும் ஒன்றல்ல என்பதற்கு இது தொடக்கக் காலச் சான்று.

அதே மே மாதத்தில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்து ஐந்தாண்டு கழிந்த பிறகே அதற்குத் தண்டனை விதிக்கும் நாடு தழுவிய சட்டம் பிறந்தது. இந்துத் திருமணச் சட்டமும் அம்மாதமே நிறைவேறியது. இந்துச் சட்டத் தொகுப்பு தடைபட்டதை முன்னிட்டு 1951இல் அம்பேத்கர் அமைச்சரவையை விட்டு வெளியேறியிருந்தார். அதன் ஒரு பகுதி இப்போது கரை சேர்ந்தது. ஆனால் சுயமரியாதைத் திருமணம் சட்ட ஏற்புப் பெறத் தமிழர்கள் 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. குத்தகைதாரரை நிலவுடைமையாளர் நினைத்தபோது வெளியேற்றுவதை அது தடுத்தது. அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்த அது ஆவடியிலிருந்து அதே ரயில் தடத்தில் சிறிது தொலைவில் இருக்கிறது.

எதிர்த்திசைச் சான்றுகளையும் இதே ஆண்டு தருகிறது. ஆவடி மாநாடு நடந்த ஜனவரியிலேயே, தனியார் தொழிலுக்குக் கடன் தருவதற்காக உலக வங்கியின் ஆதரவுடன் ஐசிஐசிஐ நிறுவனம் பதிவானது. அதன் முதல் தலைவர் ஏ. ராமசாமி முதலியார். பிப்ரவரி 2 அன்று பிலாய் உருக்காலைக்காகச் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. தனியார் முதலுக்கு ஒரு வாசலும் அரசு முதலுக்கு ஒரு வாசலும் ஒரே மாதக் காலத்தில் திறந்தன. ஆவடி சொன்ன ‘மாதிரி’ என்ற சொல்லுக்கு இந்த இரட்டை வாசலே பொருள்.

5. மூன்று வாசிப்புகள்

முதல் வாசிப்பு ஆவடியைத் தேர்தல் உத்தியாகக் காண்கிறது. 1955 பிப்ரவரியில் ஆந்திர மாநிலம் இடைக்காலத் தேர்தலைச் சந்தித்தது. அங்கே கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நிலவியது. ஆவடியின் சொல் அவர்களின் படையிலிருந்து ஓர் அம்பைப் பறித்தது. 196 இடங்களில் அவர்கள் 15இல் மட்டுமே வென்றனர். காலநெருக்கத்தை மறுக்க முடியாது. ஆனால் ஒரு தேர்தலுக்காக மட்டும் சொன்ன சொல்லானால், தேர்தல் முடிந்த பின் நான்காம் திருத்தமும் ஸ்டேட் வங்கியும் வந்திருக்கத் தேவையில்லை.

இரண்டாம் வாசிப்பு வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆவடியில் இட்ட விதை 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கையாகவும் 1959இல் நாகபுரியின் கூட்டுறவு வேளாண்மைத் தீர்மானமாகவும் வளர்ந்தது என்றும், அதன் விளைவு உரிமங்களின் ஆட்சி என்றும் அது சொல்கிறது. ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது இந்த அச்சத்தால். உரிமம் பெறுவோர்க்கும் தருவோர்க்கும் இடையே வளர்ந்த ஊழலைப் பற்றிய அவரது எச்சரிக்கை பெரும்பாலும் மெய்யானது. ஆயினும் தனியார் முதலீட்டுக்குத் தானே கடன் வழி செய்து கொடுத்த ஆண்டை முழு அரசுடைமையின் தொடக்கமாகக் கொள்வது சான்றுக்குப் பொருந்தாது.

மூன்றாம் வாசிப்பு தெற்கிலிருந்து எழுந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் கேட்ட கேள்வி எளிமையானது: பங்கீடு நியாயமாக இருக்கும் என்றால், எந்த ஊர்களுக்கு? இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மூன்று அரசு உருக்காலைகளும் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய இடங்களுக்குச் சென்றன. வடக்கு செழிக்கத் தெற்கு மெலிகிறது என்ற அண்ணாவின் குற்றச்சாட்டுக்கு ஆவடித் தீர்மானம் விடை சொல்லவில்லை. அந்தக் குற்றச்சாட்டின் அழுத்தத்திற்கிடையே நெய்வேலி, திருச்சி, கிண்டி, அம்பத்தூர் என்று காமராஜரும் தொழிலமைச்சர் ஆர். வெங்கட்ராமனும் கட்டியெழுப்பியதைப் பார்த்தால், எதிர்க்கட்சியின் கேள்வியும் ஆவடியின் பயன்களில் ஒன்று எனலாம். ஆளுங்கட்சி தானே நட்ட அளவுகோலால் அது அளக்கப்பட்டது.

6. தீர்மானம் நிலத்தில் இறங்கியபோது

தீர்மானம் நிறைவேறிய நிலத்தில் அது எப்படி இறங்கியது? 1955இல் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என ஏரிப்பாசனத்தில் பிழைத்த வட்டாரம் இது.

தொழில்மயம் ஆவடி மாநாட்டுடன் தொடங்கவில்லை. அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸை 1949இலேயே தொடங்கிவிட்டன. மாநாட்டுக்குப் பிறகு 1961இல் ஆவடி டாங்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. இதில் அரசு நிலத்தையும் கொட்டகையையும் சாலையையும் தந்தது; லேத்தையும் துளைப்பொறியையும் வாங்கிப் போட்டுத் தொழில் நடத்தியவர்கள் சிறு முதலாளிகள். பன்னாட்டுக் கூட்டுடன் தனியார் ஆலை, அரசின் நேரடி ஆலை, அரசு நிலத்தில் சிறுதொழில் என மூன்று உடைமை வடிவங்களும் சில ரயில் நிலையங்களுக்கிடையே அருகருகே வளர்ந்தன. ஆவடித் தீர்மானத்தின் முழுப்பொருளை விளக்க இந்த வட்டாரத்தை விடச் சிறந்த வரைபடம் கிடைக்காது. ஐடிஐ படித்த இளைஞனுக்கு நிலையான சம்பளமும் பிஎஃப்பும் குடியிருப்பும் கிடைத்தன. அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போனது. இதைச் சிறிய சாதனையாகக் கருத எனக்கு மனமில்லை.

7. விடுபட்டவை

ஆனால் கணக்கின் மறுபக்கம் நிலம். இங்கேதான் அயர்லாந்தின் ஒப்பீடு நம்மைச் சுடுகிறது. வாக்குறுதியை மறந்த அயர்லாந்து, விடுதலையின் முதலாண்டு முடிவதற்குள் குத்தகைதாரரை உரிமையாளராக்கும் சட்டத்தை இயற்றியது. வாக்குறுதியை உரக்கச் சொன்ன நாம், ஆவடி ஆண்டில் குத்தகைதாரர் வெளியேற்றப்படாமல் காக்கும் சட்டத்தோடு நின்றோம். சென்னை மாநிலத்தின் நில உச்சவரம்புச் சட்டம் 1961இல்தான் வந்தது. அதுவும் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று. 1970இல் அது 15ஆகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் நிலங்கள் பல பெயர்களில் பிரிந்து பதிவாயின.

அயர்லாந்துக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நில உரிமை மாற்றத்தை 1903ஆம் ஆண்டு முதலே பிரிட்டிஷ் சட்டங்கள் பெருமளவு நடத்தி முடித்திருந்தன. புதிய அரசு எஞ்சியதைச் செய்தது. ஆனால் ஆழமான வேறுபாடு சாதி. அயர்லாந்துக் குத்தகைதாரர் தாம் உழுத நிலத்துக்கு உரிமை கேட்டார். செங்கற்பட்டில் உழுதவர்களில் பெரும்பகுதியினருக்குக் குத்தகைப் பெயர்கூட இருந்ததில்லை. மிராசுதாரர்களின் கீழிருந்த பறையர் மக்களின் நிலையை விவரித்து ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த மாவட்டத்தைப் பற்றியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அப்படி ஒதுக்கிய நிலங்கள் பிறர் கைக்கு மாறிய வரலாறும், அவற்றை மீட்கக் கோரி 1994இல் இதே மாவட்டத்தின் காரணையில் நடந்த போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நாம் அறிந்தவை. ஆவடிப் பந்தலிலிருந்து நடந்து போகும் தூரத்துச் சேரிகளின் கேள்வி தீர்மானத்தின் வாசகத்துக்குள் வரவில்லை. குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் குத்தகையே இல்லாதவரை எப்படிக் காக்கும்?

தொழிற்பேட்டைகளிலும் இதே விடுபடல் பின்னர் தோன்றியது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல்தான் வந்தது. இன்று அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒப்பந்தக்காரரின் பெயரில் வேலை செய்கிறார்கள். உடைமையின் வடிவத்தை மாற்றினால் உழைப்பவரின் நிலை தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கை, கிரி பதவி விலகிய 1954லேயே கேள்விக்குள்ளாகியிருந்தது.

8. முடிவு

ஆவடி பாதையைத் திருப்பவில்லை. பாதை கராச்சியிலும் ஈரோட்டிலும் தொடங்கியது. வெறும் முழக்கமாகவும் அது முடியவில்லை. அவ்வாண்டின் சட்டங்களே சான்று. வழிகாட்டு நெறிகளுக்கு அரசியல் மேடையில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அம்பேத்கர் சொன்னதை ஆவடி மெய்ப்பித்தது. நீதிமன்றம் கேட்க முடியாததை ஓர் ஆளுங்கட்சி தானே தன்மேல் கடனாக எழுதிக்கொண்டது. அயர்லாந்து 1922இல் தவறவிட்டது இதைத்தான். நாம் 1955இல் தவறவிட்டது அயர்லாந்து 1923இல் செய்ததை.

1976இல் ‘சோஷலிச’ என்ற சொல் அரசியலமைப்பின் முகப்புரையில் ஏறியது. 2021இல் ஆவடி டாங்கித் தொழிற்சாலை அரசுத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. அதன் தொழிலாளர் சங்கங்கள் அந்த மாற்றத்தை எதிர்த்தன. உடைமையைப் பற்றிய விவாதம் இந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் மூன்று கூறுகளில் மூன்றாவதான நியாயமான பங்கீட்டை, பட்டா இல்லாத வீட்டு வாசலிலும் ஒப்பந்தக்காரர் தரும் சம்பளச் சீட்டிலும் வைத்து விசாரிக்கும் ஆய்வுகள் இனிதான் பெருக வேண்டும். ஆவடியிலிருந்தே அவை தொடங்கலாம்.